வெளுத்துப்போன கருப்பு பம்பர்: தடவுவதா, பெயிண்ட் அடிப்பதா, மாற்றுவதா?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ, பொலேரோ என எதைப் பார்த்தாலும் ஒரே கதைதான். எஞ்சின் நன்றாக இருக்கும், பாடி பெயிண்டும் ஒருமுறை பாலிஷ் போட்டால் எழுந்துவிடும். ஆனால் பம்பர், சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பக்கவாட்டுப் பட்டை, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பேனல் என்று பெயிண்ட் அடிக்காமல் கருப்பாகவே வந்த பாகங்கள் எல்லாம் சாம்பல் பூத்து, அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்து, வண்டியின் வயதை இன்னும் பத்து வருடம் கூட்டிக் காட்டும். இதற்கு என்ன வாங்கிப் பூசலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ஈரத்துணியை எடுங்கள் என்பதுதான் என் பதில். உங்கள் வண்டிக்கு எந்த வழி சரி என்பதை அந்தத் துணியே பெரும்பாலும் காட்டிவிடும்.

அது எப்படி என்று புரிய, முதலில் அந்தப் பிளாஸ்டிக்குக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். பம்பரும் கிளாடிங்கும் (பாடியின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, உறை வகை) பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். இடித்தால் உடையாமல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் கொஞ்சம் ரப்பரும், விறைப்புக்காக டால்க் பொடியும் கலந்திருப்பார்கள். பம்பரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பி.பி., இ.பி.டி.எம்., டி20 என்றெல்லாம் அச்சு இருக்கும். பி.பி. என்பது பாலிபுரோப்பிலீன், இ.பி.டி.எம். அந்த ரப்பர். டி20 என்றால் 20 சதவீதம் டால்க். கருப்பு நிறம் தருவது கார்பன் பிளாக், அதாவது மிக நுண்ணிய கரி. இந்தக் கரி வெயிலில் வெளுப்பதே இல்லை. வயல்களில் வருடக்கணக்காக வெயிலில் கிடக்கும் கருப்பு எச்.டி.பி.இ. தண்ணீர்க் குழாய்களில் 2 முதல் 3 சதவீதம் இதே கார்பன் பிளாக்கைச் சேர்ப்பது வெயிலிலிருந்து குழாயைக் காக்கத்தான். கெட்டுப்போவது கரி அல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலின் நீளமான மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக்குகின்றன, தோல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிக்கிறது, உள்ளேயிருந்த டால்க் வெளியே வருகிறது, அந்தச் சொரசொரப்பில் படுகிற வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. காவிரிப் படித்துறையின் கருங்கல் காய்ந்திருக்கும்போது சாம்பலாகவும், தண்ணீர் பட்டதும் கருகருவென்றும் தெரிவது போலத்தான் இதுவும்.

அதனால்தான் ஈரத்துணி. பம்பரை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, பிறகு ஓர் இடத்தில் மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் சீராக, புதிது போலக் கருப்பாகத் தெரிந்தால் உள்ளே கரி பத்திரமாக இருக்கிறது, அந்த வெடிப்பை எதைக் கொண்டாவது நிரப்பி மூடினால் போதும் என்று அர்த்தம். பூசுகிற வகைகள் எல்லாம் இந்த நிலைக்கு உரியவை. ஈரத்திலும் திட்டுத் திட்டாகவே இருந்தால் ஒன்று அழுக்கு இன்னும் போகவில்லை, அல்லது பழைய பாலிஷ், மெழுகு போன்றவை குழிகளுக்குள் காய்ந்து கிடக்கின்றன. இன்னும் கழுவ வேண்டும். எவ்வளவு கழுவினாலும், ஈரமாக இருக்கும்போதும் சாம்பல்தான், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது, விளிம்பைக் கொஞ்சம் வளைத்தால் கோடு கோடாக வெடிக்கிறது என்றால் அந்தத் தோல் முடிந்துவிட்டது. அதன்மேல் எவ்வளவு விலையுள்ள பாட்டிலை ஊற்றினாலும் நிற்காது. பெயிண்ட் அல்லது புதுப் பாகம், இரண்டில் ஒன்று.

ஒரே வண்டியில் இந்த மூன்று நிலையும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எல்லாம் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முதல் பாதியிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது, இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிக தூரம் போவதில்லை. எனவே படுத்திருக்கும் பரப்புகள்தான் அதிகம் அடிவாங்கும். வைப்பர் பேனல், பம்பரின் மேல்விளிம்பு, மிரரின் தலை ஆகியவை சுத்தமாக வெளுத்திருக்கும். பம்பரின் அடிப்பகுதியும் சக்கரத்தின் மேல் வளைவும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆகவே முழு வண்டிக்கும் ஒரே தீர்வு என்று யோசிக்காமல் பாகம் பாகமாக யோசியுங்கள். செலவும் பாதியாகக் குறையும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

எல்லோரும் முதலில் போவது தேங்காய் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய், ஷூ பாலிஷ் பக்கம். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஈரத்துணி செய்ததையே அதுவும் செய்கிறது. ஆனால் அது காயாது. அறுவடை நேரத்தில் மெஷின் ஓடும் வயல் ஓரமாக ஒருமுறை போய்வந்தால் வைக்கோல் தூசி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அது கழுவினாலும் போகாத பிசுக்காகிவிடும். டீசலும் மண்ணெண்ணெயும் அதைவிடக் கெடுதல். கதவு, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். வகை, வெயிலையும் மழையையும் அருமையாகத் தாங்கும் இந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது, ஊதித் தளர்ந்து வடிவம் மாறிவிடும். வாட்டர் சர்வீஸ் கடையில் அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்ப்ரே அடிக்கும்போது கதவு ரப்பர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் கை வைத்தியம் எதையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கடையில் கிடைக்கும் ஷைனர், டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் வகையறா. இவற்றில் வேலை செய்வது சிலிகோன் எண்ணெய். பால் போல வெள்ளையாக இருப்பது தண்ணீரில் கலந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக, கையில் வழவழவென்று இருப்பது பெரும்பாலும் கரைப்பானில் கலந்தது. வாங்குவதென்றால் பால் போன்றதையே வாங்குங்கள், அது அவ்வளவு பிசுபிசுக்காது, ரப்பருக்கும் பாதிப்பில்லை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், பத்து நிமிட வேலை, தவறினாலும் எதுவும் கெடாது. கல்யாணத்துக்கு முதல்நாளோ, வண்டியை விற்கப் படம் எடுக்கும் நாளிலோ இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஒன்றிரண்டு வாரம்தான். ஐப்பசி மழை ஒரு நாள் அடித்தால் அதுவும் கிடையாது, பம்பரிலிருந்து வழிந்து பக்கத்துப் பெயிண்டில் கோடு கோடாக இறங்கும்.

ஷைனரில் எனக்குள்ள பெரிய கவலை வேறு. சிலிகோன் ஒருமுறை அந்தக் குழிகளுக்குள் இறங்கிவிட்டால் முழுவதும் எடுப்பது மிகக் கடினம். பின்னால் அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அங்கங்கே பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும், பட்டறையில் ஃபிஷ் ஐ என்பார்கள். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணன் ஒருவர், யார் பழைய பம்பரைக் கொண்டுவந்தாலும் விலை சொல்வதற்கு முன் கேட்கிற கேள்வி, "இதுல இதுவரைக்கும் என்ன தடவியிருக்கீங்க தம்பி?" என்பதுதான். அந்தக் கேள்வியின் அருமை பெயிண்ட் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பெயிண்ட் அடிக்கும் யோசனை கொஞ்சமாவது இருந்தால் ஷைனரைத் தொடாதீர்கள். இந்த வரிசை முக்கியம். பலரும் மலிவானதை முதலில் முயன்று பார்ப்போம், சரிவராவிட்டால் பெயிண்டுக்குப் போவோம் என்று நினைக்கிறார்கள், அந்த முதல் முயற்சியே பெயிண்டுக்கு எதிரியாகிவிடுகிறது.

ஹீட் கன், அதாவது கொதிக்கும் காற்றை ஊதும் கருவியின் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், சூடு காட்டக் காட்ட சாம்பல் பம்பர் கண்ணெதிரே கருப்பாகும். உண்மைதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மேல்தோல் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. பாலிபுரோப்பிலீன் உருகுவது சுமார் 160 டிகிரி செல்சியஸில். ஹீட் கன் வாயிலிருந்து வரும் காற்றோ 300 முதல் 600 டிகிரி வரை. கை ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் மணல் போன்ற நெளிவு (டெக்ஸ்ச்சர்) அழிந்து வழவழவென்று மினுங்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மெல்லிய கிளாடிங் நெளிந்து போகும், பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும், முன் கண்ணாடி அருகில் காட்டினால் கண்ணாடியே விரிசல் விடலாம். இவ்வளவையும் தாண்டிச் சரியாகச் செய்தாலும் அதன்மேல் பாதுகாப்பு எதுவும் இல்லாததால் நம் வெயிலில் சில மாதங்களில் பழையபடி வெளுக்கும், ஏற்கெனவே மெலிந்த தோல் ஒவ்வொரு முறையும் இன்னும் கெடும். தடிமனான பம்பர், நிதானமான கை, உடனே மேலே ஒரு பூச்சு என்று எல்லாம் சேர்ந்தால் பரவாயில்லை. அப்படியிருந்தும் வேறு வழி இருக்கும்போது இது எதற்கு என்பதே என் நிலை.

இப்போது நான் உண்மையில் ஒப்பிட நினைக்கும் இரண்டுக்கு வருகிறேன்: சாயம் கலந்த ரெஸ்டோரர், செராமிக் வகைப் பூச்சு. இரண்டையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள், கடைக்காரர்களும் ஒன்றாகவே விற்கிறார்கள். செய்கிற வேலை வேறு.

சொல்யூஷன் ஃபினிஷ் போன்ற ரெஸ்டோரர்களில் கருப்பு நிறமியும் எண்ணெய்ப் பிசின்களும் இருக்கும். துணியில் சில சொட்டு விட்டுத் தேய்த்தால் வெடிப்புக்குள் நிறமி இறங்கித் தங்கும். எனவே ஈரத்துணிச் சோதனையில் பாதித் தேர்ச்சி பெற்ற பாகங்கள், அதாவது ஈரத்தில் ஓரளவு கருப்பாகிறது ஆனால் முழுக்க இல்லை என்பவற்றுக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் நிறத்தையும் இதுவே கொடுக்கிறது. சின்னப் பாட்டில் ஒன்று இரண்டு மூன்று வண்டிக்கு வரும். பூசிய பின் மினுமினுப்பு இல்லாமல், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அடக்கமான கருப்பாக இருக்கும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் அதுவே சாயம் என்பதால் வெள்ளை வண்டியின் பெயிண்டில் பட்டால் உடனே துடைக்க வேண்டும், ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்கக் கூடாது, கையுறை இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு நகக்கண்ணில் கருப்பு இருக்கும். நிழலில் நிற்கும் வண்டிக்கு ஒரு வருடம் வரை நிற்கும், முழுநேரமும் வெயிலில் நிற்பதற்குச் சில மாதங்களில் வைப்பர் பேனலும் பம்பர் மேல்விளிம்பும் மறுபடி கேட்கும்.

செராகோட் டிரிம் கோட், கார்ப்ரோ டீலக்ஸ், ஜிடெக்னிக் சி4 போன்றவை இன்னொரு வகை. இவற்றில் பெரும்பாலானவை நிறம் கொடுப்பதில்லை. பூசியதும் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறுகிவிடும். ஈரத்துணியில் முழுக்கக் கருப்பான பாகத்தில் இதைப் பூசினால் அந்த ஈரக் கருப்பு அப்படியே நின்றுவிடும், மழையில் கரையாது, தூசியும் அவ்வளவாக ஒட்டாது. ஓரிரு வருடம் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அதில் பாதியை எதிர்பார்த்து வாங்குங்கள், கிடைத்த மிச்சம் லாபம். விலை ஷைனரைப் போலப் பல மடங்கு, ஆயிரத்தில் தொடங்கிச் சில ஆயிரம் வரை. குறை என்னவென்றால் இது மன்னிக்காது. கீழே ஒரு வெள்ளைத் திட்டை விட்டுவிட்டுப் பூசினால் அந்தத் திட்டும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். ஒரு இடத்தில் அதிகம் விழுந்து துடைக்காமல் விட்டால் அந்த இடம் மட்டும் தனியாக மினுங்கும், பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டாம்.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், ஐந்தாறு வருடமே ஆன வண்டிக்கு, வெளுப்பு இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றால், யோசிக்காமல் செராமிக். பன்னிரண்டு வருடத்துக்கு மேலே போன, சாம்பல் ஆழமாக இறங்கிவிட்ட வண்டிக்கு ரெஸ்டோரர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பூசலாமா என்றால் அந்தந்தக் கம்பெனி அனுமதித்திருந்தால் மட்டும் செய்யுங்கள், ஏனென்றால் ரெஸ்டோரரின் எண்ணெய் முழுக்க இறுகாத நிலையில் மேலே செராமிக் பிடிக்காது.

எதைத் தேர்ந்தாலும் கழுவுவதில்தான் பாதி வேலை இருக்கிறது, இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நிழலில் நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவி, பிறகு எண்ணெய்ப்பசை எடுக்கும் ஆல் பர்ப்பஸ் கிளீனரைத் தண்ணீரில் கலந்து, மென்மையான நைலான் பிரஷ்ஷால் நெளிவுகளுக்குள் போகும்படி தேய்க்க வேண்டும். நுரை முதலில் சாம்பலாக வரும். வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பத் தேயுங்கள். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பனியன் துணியால் துடைத்தால் மிச்சப் பிசுக்கும் போய்விடும். வெள்ளைத் திட்டுகள் இதற்கும் அசையாவிட்டால் அது தண்ணீர் உப்பாக இருக்கலாம், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் கரையும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. அங்கே போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டாலே கருப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை வட்டங்கள் விழும். குழாயில் வரும் குடிநீரில் கடைசி அலசலை முடித்து உடனே துடைத்துவிடுங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீர் வீணாகிறதே என்று அதை வண்டிக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அதில் உப்பு இன்னும் அதிகம், கருப்புப் பாகங்களுக்கு வேண்டாம். கழுவி முடித்ததும் உடனே பூசாதீர்கள். பம்பர் இணைப்புகளிலும் மிரருக்குள்ளும் தண்ணீர் தங்கியிருந்து, நீங்கள் பூசிக்கொண்டிருக்கும்போது சொட்டுச் சொட்டாக வெளியே வரும். ஒரு ரவுண்டு ஓட்டி வந்து, சில மணி நேரம் காயவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

பெயிண்ட் என்றால் பலருக்குப் பயம், பாதி நியாயமான பயம். பாலிபுரோப்பிலீனில் இயல்பாகவே பெயிண்ட் ஒட்டாது. தொழிற்சாலையிலேயே பெயிண்ட் பம்பர்களுக்கு நெருப்பு காட்டி மேற்பரப்பை மாற்றிவிட்டுத்தான் அடிப்பார்கள். பட்டறையில் அதற்குப் பதில் பிளாஸ்டிக் பிரைமர் இருக்கிறது. அது இல்லாமல் நேராகக் கருப்பு ஸ்ப்ரே அடித்தால் ஒரே கோடையில் செதில் செதிலாக உரியும், உரிந்த பம்பர் வெளுத்த பம்பரைவிட அசிங்கமாக இருக்கும். எனவே பட்டறையில் கொடுக்கும்போது பிளாஸ்டிக் பிரைமர் அடிப்பீர்களா என்று கேளுங்கள், பதில் தெளிவாக வராவிட்டால் வேறு பட்டறை பாருங்கள். பம்பரைக் கழற்றி அடிப்பது நல்லது, ஓரங்களில் டேப் ஒட்டி அடித்தால் அந்த விளிம்பிலிருந்துதான் உரியத் தொடங்கும். நிறம் முழு மினுமினுப்பு வேண்டாம், அரை மினுமினுப்பான சாட்டின் கருப்பு கேளுங்கள். இரண்டு மூன்று மெல்லிய கோட்டுகளாக அடித்தால் மணல் நெளிவு ஓரளவு தப்பும், கனமாக அடித்தால் மூழ்கிவிடும். மிரர் மூடி, சில கைப்பிடிகள் எல்லாம் ஏ.பி.எஸ். வகைப் பிளாஸ்டிக், அவற்றில் பெயிண்ட் நன்றாகவே பிடிக்கும், அவற்றுக்கு நான் பெயிண்டையே முதலில் சொல்வேன். வைப்பர் கை இரும்பு, அதற்குப் பூசுகிற சமாச்சாரம் எதுவும் பயன்படாது, துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து பிரைமரும் சாட்டின் கருப்பும் அடிப்பதுதான். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பெயிண்ட் அடித்த பம்பர் இனி பெயிண்ட் அடித்த பம்பர்தான். கல் தெறித்தால் சில்லு போகும், கோயில் தெருவின் நெரிசலில் உரசினால் கோடு விழும், பழைய வெறும் பிளாஸ்டிக்குக்குத் திரும்ப முடியாது.

வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நெளிவுள்ள பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, ஓரம் தூக்கிக்கொள்ளும்.

மாற்றிவிடுவது என்பதை ஏனோ எல்லோரும் கடைசியாக யோசிக்கிறார்கள். மாருதி 800, ஆல்ட்டோ, ஆம்னி போன்றவற்றுக்குப் பம்பர் முதல் கைப்பிடி வரை தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி ஸ்பேர் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. 800 தயாரிப்பு 2014-லும், ஆம்னி 2019-லும் நின்றுவிட்டாலும் ஓடுகிற வண்டிகள் ஏராளம் என்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. வைப்பர் பேனல், கைப்பிடி போன்ற சின்னப் பாகங்களை கம்பெனி ஒரிஜினலாகவே வாங்கினால், அதைக் காப்பாற்றச் செலவழிக்கும் நேரத்தையும் ரெஸ்டோரர் காசையும் கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் மாற்றுவதே மலிவாக முடியும். வெளிக் கம்பெனி பம்பரில் மட்டும் கவனம் வேண்டும்: மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்தது, புற ஊதாவைத் தாங்கும் சேர்மானம் குறைவானது என்றால் இரண்டே கோடையில் பழையதைவிட மோசமாக வெளுக்கும். வாங்கிய அன்றே, புதிதாக இருக்கும்போதே, செராமிக் பூசிவிடுவது அதற்கு நல்ல காப்பு.

கண்ணாடி பீடிங் ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் அழகைப் பற்றிய கேள்வியே இல்லை, மாற்றியே ஆக வேண்டும். அந்த இடைவெளி வழியாக ஐப்பசி, கார்த்திகை அடைமழை கதவுக்குள் இறங்கும், அடியிலுள்ள வடிகால் ஓட்டை மண்ணடைத்திருந்தால் கதவின் அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நல்ல நிலையிலுள்ள ரப்பருக்குத் தண்ணீர் கலந்த சிலிகோன் வகை எப்போதாவது தடவினால் போதும், பெயிண்டோ சாயமோ வேண்டாம்.

எப்போது செய்வது என்பதும் நம் பக்கத்தில் முக்கியம். மார்கழியில் காலைப்பனி வண்டி மேல் நிற்கும், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் காயும்போது வெண்மை படர்ந்து மங்கும், கருப்பில் அது பளிச்சென்று தெரியும். செராமிக் வகையோ ஈரக்காற்றில் சீக்கிரம் இறுகி, துடைப்பதற்குள் கோடு விழும். தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசி. ஆடியில் காற்று மண்ணை வாரி இறைக்கும், வெளியில் வைத்துப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. கத்திரியில் கருப்புப் பிளாஸ்டிக் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், எதைத் தேய்த்தாலும் துணி எடுப்பதற்குள் காய்ந்துவிடும். பங்குனி முதல் பாதி, காலை எட்டு மணிக்கு மேல், கீற்றுக் கொட்டகை நிழலில் என்பது என் முதல் தேர்வு. அப்புறம் ஒரு நாளாவது மழையோ கழுவலோ படாமல் வைத்திருக்க வேண்டும்.

கொட்டகை என்றதும் இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, அதுவரை மர நிழலில் நின்ற வண்டிகள் பல வெட்டவெளிக்கு வந்துவிட்டன. நிழல் போனால் பிளாஸ்டிக் எவ்வளவு வேகமாகக் கெடும் என்று அந்தப் பக்கத்துப் பழைய ஆம்னிகளைப் பார்த்தால் தெரியும். வீட்டில் இடமிருந்தால், நான்கு கம்பு நட்டு ஒரு கீற்றுக் கொட்டகை போடும் செலவை மேலே சொன்ன எல்லாப் பாட்டில்களுக்கும் முன்னால் வைப்பேன். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது வேண்டாம், உள்ளே ஈரம் தங்கி இரும்புக்குக் கேடு.

மாயவரம் பக்கம் இருக்கும் என் சித்தப்பா தன் ஆம்னிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது இந்த வழியிலேயே பிரித்துச் சொன்னேன். முன் பம்பர் ஈரத்தில் நல்ல கருப்பு, எனவே செராமிக். பின் பம்பரில் மூட்டை ஏற்றி இறக்கிய உரசல்கள் வேறு, ஈரத்திலும் திட்டு, அதற்கு ரெஸ்டோரர். "அது எப்படியும் அடுத்த மூட்டையில கீறத்தான் போகுது, அதுக்கு ஏன் தம்பி அவ்வளவு விலை" என்றார் சித்தப்பா, சரியான பேச்சு. மிரர் இரண்டுக்கும் பெயிண்ட். சைடு கதவு ரப்பர் புதிது. வண்டியை அடுத்த மாதமே விற்பதாக அவர் சொல்லியிருந்தால் நன்றாகக் கழுவி ஷைனர் போடுங்கள் சித்தப்பா, அதோடு விடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கடற்கரையோரம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி மாதிரி இடத்தில் இருக்கும் வண்டியென்றால் பிளாஸ்டிக்குக்கு உப்புக்காற்றால் பெரிய கேடு இல்லை, அதே காசில் முதலில் வைப்பர் கை, பம்பர் பிராக்கெட், நட்டு போல்ட்டுகளின் துருவைப் பாருங்கள் என்பேன்.

பூசிய பிறகு பராமரிப்பு சின்ன விஷயம். கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருளும்வரை பூச்சு உயிரோடு இருக்கிறது. தண்ணீர் படர்ந்து நிற்க ஆரம்பித்தால், சாம்பல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, மேல்விளிம்புகளில் மட்டும் இன்னொரு முறை பூசிவிடலாம், முழு வண்டிக்கும் தேவையில்லை. ரெஸ்டோரர் பாட்டில் மூடி வைத்தால் அடுத்த வருடத்துக்கும் இருக்கும். செராமிக் பாட்டிலைத் திறந்துவிட்டால் நம் ஈரக்காற்றில் சில வாரங்களில் உள்ளேயே இறுகிப் படிகம் கட்டத் தொடங்கும், அதை மறுபடி பூசினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். அதனால் திறக்கும் நாளில் அண்ணன் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி எதையாவது சேர்த்துக் கழுவி நிறுத்திக்கொண்டு ஒரேயடியாக முடித்துவிடுங்கள், செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.